கடற்காற்றும் ஈயக்குண்டும்

ஐயா, வணக்கம்.

தாத்தா வைத்திருந்த ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கியின் லைசென்ஸ் போன வருடம் என் பெயருக்கு மாறியது. குழல்வாய் வழியாக வெடிமருந்தும் குண்டும் போட்டு, கெஜக்கோலால் இடித்து, கேப் (அடித்தால் பொறி தரும் சின்ன மூடி) வைத்துச் சுடும் ரகம். மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்னைக்கு வெளியே ஒரு ரேஞ்சில் 50 மீட்டரில் சுட்டுப் பார்த்தேன். வடக்கு பார்த்த ரேஞ்ச். காலை எட்டு மணிக்குச் சுட்டவை பெரும்பாலும் வலப்பக்கம் விழுந்தன. ஃபோர்சைட்டை (குழல் முனையில் குறிபார்க்க இருக்கும் முள்) வலப்பக்கமாக லேசாகத் தட்டிச் சரிசெய்தேன். இரண்டு மணிக்கு மேல் சுட்டால் எல்லாம் இடப்பக்கம் ஒதுங்கிவிட்டன. அங்கிருந்த பெரியவர் ஒருவர், "காத்து தள்ளுதுப்பா. மருந்தைக் கொஞ்சம் கூட்டு. வேகமாப் போனா காத்துக்கு நேரமிருக்காது" என்றார். கூட்டலாமா?

செ. க., பெரம்பூர்

அன்புள்ள செ. க.,

கூட்டாதீர்கள். தாத்தா காலத்துக் குழல் அது. உள்ளே எங்கே துரு அரித்திருக்கிறது, எங்கே மயிரிழை விரிசல் ஓடியிருக்கிறது என்பது வெளியே தெரியாது. ஒரு நல்ல துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டாமல் இனி சுடவே வேண்டாம்.

அதை விடுங்கள், கணக்குப்படியும் பெரியவர் சொன்னது சரியில்லை. அவர் சொன்னதைத்தான் எல்லோரும் சொல்வார்கள், நானும் வெகுநாள் அப்படித்தான் நம்பியிருந்தேன். காற்று குண்டைச் சருகைப்போல அடித்துக்கொண்டு போவதில்லை. காற்றே இல்லாத வெற்றிடத்தில் அந்தக் குண்டு இலக்கை அடைய எவ்வளவு நேரம் ஆகுமோ, அதைவிடக் கூடுதலாக நிஜத்தில் எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். அந்தத் தாமதத்தைக் குறுக்குக் காற்றின் வேகத்தால் பெருக்கினால் வருவதுதான் விலகல். ஆக, குண்டு வழியில் எவ்வளவு வேகத்தை இழக்கிறது என்பதே கேள்வி.

வேகத்தை இழப்பதில் உருண்டைக் குண்டை மிஞ்ச ஆளில்லை. .50 காலிபர் ஈய உருண்டை ஒன்றை எடுத்துக்கொள்வோம். எடை ஏறத்தாழ 11.5 கிராம். நொடிக்கு 550 மீட்டர் வேகத்தில் கிளம்பினால், 100 மீட்டர் போவதற்குள் வேகத்தில் ஏறத்தாழ நாற்பது சதவீதம் காலி. மணிக்கு 16 கிலோமீட்டர் குறுக்குக் காற்று அதை 50 மீட்டரில் ஏறத்தாழ 7 செ.மீ. ஒதுக்கும். 100 மீட்டரில் ஒரு சாணுக்கும் மேல். தூரம் இரண்டு மடங்கானால் விலகல் நான்கு மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம். அதே குண்டை ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் கீழே, நொடிக்கு 330 மீட்டரில் அனுப்பினாலும் 100 மீட்டரில் விலகல் பெரிதாக மாறுவதில்லை! குண்டு கீழே இறங்குவது கூடும், ஆனால் அது எப்போதும் ஒரே அளவு இறங்கும், பழகிக்கொள்ளலாம். ஒலியின் வேகத்தைத் தாண்டிய குண்டுக்குக் காற்றுத்தடை திடீரென ஏறுவதுதான் காரணம். .22 ரைஃபிளில் போட்டிக்குப் போகிற பிள்ளைகள் ஒலி வேகத்துக்குக் கீழான தோட்டாவையே வாங்குவதில் இதுவும் ஒரு காரணம்.

இதை முதலில் கண்டுபிடித்தவர் நம் கடற்கரையில்தான் இறந்தார். பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலக் கணித அறிஞர். தொங்கும் மரக்கட்டையில் குண்டைச் சுட்டு, கட்டை எவ்வளவு ஆடுகிறது என்பதிலிருந்து குண்டின் வேகத்தை அளந்தவர். அன்றைக்கு அறிஞர்கள் நினைத்ததைவிடக் காற்றுத்தடை எத்தனையோ மடங்கு பெரிது என்றும், ஒலி வேகத்தை ஒட்டி அது சட்டென்று கூடுகிறது என்றும் 1742-லேயே எழுதிவிட்டார். பிறகு கிழக்கிந்தியக் கம்பெனி தன் கோட்டைகளைச் சீர்செய்ய அவரை இங்கே அனுப்பியது. 1750-ல் வந்தவர், அடுத்த ஆண்டு ஜூலையில் கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். அந்தக் கோட்டை இருந்த தேவனாம்பட்டினம் போகும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்வேன்.

உங்கள் துப்பாக்கிக்கும் அவரிடம் பதில் உண்டு. உங்களுடையது உள்ளே வரி வெட்டாத வழுவழுக் குழலாகத்தான் இருக்கும். அதில் குண்டு சுவரில் எந்தப் பக்கம் கடைசியாக உரசிக் கிளம்பியதோ, அதற்கேற்பச் சுழன்று, சுழன்ற பக்கமாக வளைந்து போகும். ராபின்ஸ் ஒரு மஸ்கட்டின் (அந்தக் கால வழுவழுக் குழல் துப்பாக்கி) குழல் முனையை இடப்பக்கம் வளைத்துச் சுட்டுக் காட்டினார். குண்டு முதலில் இடப்பக்கம் போய், பிறகு வலப்பக்கம் வளைந்தது. காற்று துளியும் இல்லாத நாளிலும் உங்கள் குண்டுகள் சிதறத்தான் செய்யும். அதனால் ஒரு துளையைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பத்து துளைகளின் நடு எங்கே என்று பாருங்கள்.

இப்போது உங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். மே மாதக் காலையில் சென்னையில் அடிப்பது பெரும்பாலும் மேலைக்காற்று. வடக்கே பார்த்து நிற்கும் உங்களுக்கு அது இடப்பக்கத்திலிருந்து வந்து குண்டை வலப்பக்கம் ஒதுக்கும். பகலுக்கு மேல் கடற்காற்று இறங்கிவிட்டால் கிழக்கிலிருந்தோ தென்கிழக்கிலிருந்தோ வரும், குண்டு இடப்பக்கம் போகும். அதே நேரம் காலையில் தட்டிய ஃபோர்சைட்டும் இடப்பக்கம்தான் தள்ளுகிறது. இரண்டும் சேர்ந்துகொண்டன. ஃபோர்சைட்டைப் பழைய இடத்துக்கே கொண்டுபோங்கள். பழைய இடத்தைக் காட்டும் கோடு ஏதாவது குழலில் இருந்தால் அதைப் பார்த்துத் தட்டுங்கள். இனி அதில் கை வைக்க வேண்டாம்.

இரண்டு வருடம் முன்பு அக்னி நட்சத்திரத்தில் நண்பர் ஒருவர் சுட, நான் தொலைநோக்கியும் நோட்டுமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பதினொன்றரை வரை புகை வலப்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. பிறகு கொடி துவண்டு கம்பத்தோடு ஒட்டிக்கொண்டது. ஒரு சுடு. வெள்ளைப் புகை எங்களுக்கு முன்னாலேயே திரைபோல நின்றது, நகரவே இல்லை, இலக்கு அட்டை மறைந்துவிட்டது. அடுத்த குண்டை அவர் இடித்து முடிப்பதற்குள் கழுத்து வியர்வை சில்லென்றது. கொடி எதிர்ப்பக்கம் விரிந்தது. "வந்துடுச்சு" என்றார், கேப் வைக்காமல் துப்பாக்கியை ரேக்கில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். கால்மணி நேரம் காற்று ஒரு நிலைக்கு வரும்வரை எழுந்திருக்கவில்லை.

நான் சொல்ல வந்தது அந்தக் கால்மணி நேரத்தைத்தான். சர்வதேசக் குழல்வாய்த் துப்பாக்கிப் போட்டிகளில் 13 குண்டுகளுக்கு 30 நிமிடம், அதில் சிறந்த 10 மட்டும் கணக்கு. காத்திருக்க அவகாசம் கொடுத்தே விதி வைத்திருக்கிறார்கள். ஒரே மாதிரிக் காற்று திரும்பும்போது மட்டும் சுடுங்கள். வேப்பமரத்தின் இலைகளும் சிறு குச்சிகளும் ஓயாமல் ஆடி, சின்னக் கொடி விரிந்து நின்றால் மணிக்கு 12 முதல் 19 கிலோமீட்டர். கடிகாரத்தில் மூன்று மணிப் பக்கமிருந்து வந்தால் முழு விலகல், ஒரு மணிப் பக்கமிருந்து வந்தால் பாதி. கொடி பெரும்பாலும் இலக்குக்குப் பின்னால் இருக்கும் மண்மேட்டருகே இருக்கும். ஆனால் குண்டைக் கூடுதலாகக் கெடுப்பது உங்கள் பக்கத்துக் காற்று. அங்கே வாங்கும் சாய்வு கடைசிவரை கூடவே போகும். அதைக் காட்ட உங்கள் புகையைவிட நல்ல கொடி இல்லை. சுட்டதும் இலக்கைத் தேடாமல் புகை எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள்.

இன்னொன்று. கடற்காற்றோடு ஈரமும் வரும். காலை வறண்ட காற்றில் குழலுக்குள் கெட்டித்துப் போன மருந்துக் கரி, பகலுக்கு மேல் பிசுபிசுக்கும். குண்டு இறங்கும் இறுக்கம் மாறும், விழும் இடமும் மாறும். ஒவ்வொரு சுடுக்குப் பின்னும் ஈரத்துணி விட்டுத் துடைத்தால் அந்தக் குழப்பம் தீரும். வீட்டுக்கு வந்ததும் அன்றைக்கே சுடுதண்ணீர், சோப்பு, எண்ணெய். சென்னையில் ஒரு ராத்திரி விட்டாலே துரு பிடித்துவிடும்.

மெக்கானிக் சரி என்று சொன்னபின் மறுபடி போங்கள். பழைய அளவு மருந்து, காலையில் 10, கடற்காற்று நிலைத்தபின் 10, தனித்தனி அட்டையில். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் புகை போன திசையைக் குறித்து, இரண்டு அட்டைகளையும் படமெடுத்து அனுப்புங்கள். நடுப்புள்ளிகளைச் சேர்ந்தே கணக்கிட்டுப் பார்ப்போம்.