நெட்வொர்க் சண்டையில் கைபேசிப் பங்கு விழுமா?

கேள்வி: ரொறன்ரோவில் இருக்கும் மகன் கைபேசி நிறுவனம் ஒன்றின் பங்கு வாங்கப் போகிறான். என்னையும் காசு போடச் சொல்கிறான். அடுத்த தலைமுறை நெட்வொர்க்கான 6ஜியில் சீனா ஒரு பக்கம், அமெரிக்கா ஒரு பக்கம் என்று தரம் பிரிந்தால் பங்கு விழுந்துவிடாதா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கொக்குவில்

ஐயா, உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் தரச் சண்டை, அதாவது போனும் நெட்வொர்க்கும் பேசிக்கொள்ளும் விதிமுறை பற்றிய சண்டை மட்டும் ஒரு கைபேசி நிறுவனத்தைக் கவிழ்ப்பது அபூர்வம்.

ஒரு காலத்தில் நம்மூர் வீடுகளில் மேசைமேல் அன்டெனாவோடு சிடிஎம்ஏ போன் இருந்தது, கையில் ஜிஎஸ்எம் போன் இருந்தது. இரண்டும் போட்டித் தரங்கள்; ஒன்றின் நெட்வொர்க்கில் மற்றது வேலை செய்யாது. உற்பத்தியாளருக்கு இது இரட்டைச் செலவு. ஐபோன் 4 ஜூன் 2010இல் ஜிஎஸ்எம்முக்கு வந்தது. அமெரிக்கத் தொலைபேசிச் சேவை நிறுவனமான வெரைசனுக்கான சிடிஎம்ஏ வடிவம் 2011 பெப்ரவரியில்தான் வந்தது. நோக்கியாவோ 2006இல் ஜப்பானின் சன்யோவோடு சிடிஎம்ஏ கூட்டு முயற்சி பேசி, கைவிட்டது. ஜிஎஸ்எம் என்ற வென்ற பக்கத்தில் நின்றும் நோக்கியா தப்பவில்லை. ஐபோனும் அன்ட்ரொய்டும் அதை வீழ்த்தின. 2014இல் கைபேசிப் பிரிவு மைக்ரோசொப்டுக்குப் போனது.

சம்பாதித்தது யார்? சிடிஎம்ஏ காப்புரிமைகளை வைத்திருந்த அமெரிக்கச் சிப் நிறுவனம் குவல்கொம். 2000இல் தன் கைபேசிப் பிரிவை ஜப்பானின் கியோசெராவுக்கு விற்றுவிட்டு, சிப்பையும் காப்புரிமையையும் கையில் வைத்துக்கொண்டது. ஜிஎஸ்எம் அணியின் 3ஜியும் சிடிஎம்ஏ நுட்பத்தில்தான் ஓடியது. ஆகவே இரண்டு பக்கமும் காசு.

மகனோடு உட்கார்ந்து ஒரு கணக்குப் போடுங்கள். 5ஜியோடு பழைய தரங்களும் உள்ள போனுக்குக் குவல்கொம் 2017இல் அறிவித்த காப்புரிமைக் கட்டண வீதம் விலையில் 3.25%, ஆனால் 2018இல் அறிவித்த உச்சவரம்பின்படி 400 டொலருக்கு மேற்பட்ட விலை கணக்கில் வராது. (ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறலாம்.) 1,000 டொலர் போனுக்கு 13 டொலர், அதாவது 1.3%. 150 டொலர் போனுக்கோ முழு 3.25%, ஐந்து டொலருக்குக் கொஞ்சம் குறைவு. மலிவு போன் விற்பவரின் மெல்லிய இலாபத்தில் இது பெரிய கடி. அப்பிள் குவல்கொம்மோடு வழக்காடி, 2019இல் சமாதானமாகி, அதே ஆண்டில் இன்டெலின் மொடெம் (போனை நெட்வொர்க்கோடு இணைக்கும் சிப்) பிரிவை வாங்கியது சும்மா இல்லை. சொந்த மொடெம் சிப் செலவைக் குறைக்கும். காப்புரிமைக் கட்டணம் அப்படியே இருக்கும்.

6ஜி பிரிவதைவிட நான் பயப்படுவது சந்தைக் கதவு மூடுவதற்கு. 5ஜி உலகம் முழுவதற்கும் ஒரே தரம். அப்படியிருந்தும் 2019இல் தொடங்கிய அமெரிக்கத் தடைகளால் ஹுவாவியின் வெளிநாட்டுக் கைபேசி விற்பனை சரிந்தது.

சரி, காசு போடலாமா? அந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் இலாப வீதம், எந்த நாட்டில் எவ்வளவு விற்பனை, காப்புரிமை வழக்குகள் ஆகிய மூன்றையும் மகனைப் பார்க்கச் சொல்லுங்கள். இங்கிருந்து காசு அனுப்புவதென்றால், வெளிநாட்டு முதலீட்டுக்கு இப்போதுள்ள அனுமதியையும் வரம்பையும் முதலில் உங்கள் வங்கியில் கேளுங்கள். மகனின் பெயரில் வாங்கும் பங்கு சட்டப்படி மகனுடையது. பென்சன் காசை அதில் போடச் சொல்லி நான் சொல்லமாட்டேன்.