வாய்க்கால் மீனைத் தொட்டியில் வளர்க்கலாமா? டெல்டா நாட்டு மீன் கேள்வி பதில்

கீழே சொல்லும் அளவுகள் இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டிக்கானவை. கணக்குப்படி 56 லிட்டர். மணலுக்கும் மேலே விடும் இடத்துக்கும் போக 45 லிட்டர் தண்ணீர் நிற்கும்.

மன்னார்குடி: வாய்க்காலில் பிடித்த பொடிக்கெண்டையும் கண்ணாடி மீனும் மூன்று நாளில் செத்துப்போகின்றன. தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாகத்தான் இருக்கிறது. என்ன சார் காரணம்?

தெளிவை வைத்துத் தண்ணீரை எடை போடாதீர்கள். மூன்றாம் நாள் சாவுக்குப் பெரும்பாலும் அமோனியாதான் காரணம், அதற்கு நிறமே கிடையாது. புதுத் தொட்டியில் மீன் கழிவை மாற்றும் பாக்டீரியா இருக்காது. அது ஃபில்டர் ஸ்பான்ஜிலும் மணலிலும் குடியேற மூன்று முதல் ஆறு வாரம் ஆகும். உங்கள் பக்கத்து போர் தண்ணீரில் பிஎச், அதாவது தண்ணீரின் அமில-கார அளவு, 8 இருந்தால் ஆபத்து கூடும். 30 டிகிரி வெப்பத்தில் பிஎச் 7 என்றால் மொத்த அமோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட விஷ வடிவில் இருக்காது. பிஎச் 8 ஆனால் ஏழு பங்குக்கு மேல் போய்விடும். கழிவு அதே அளவுதான், விஷம் மட்டும் கிட்டத்தட்ட பத்து மடங்கு.

இரண்டாவது, கவரில் கொண்டுவரும் விதம். கட்டிய கவருக்குள் மீன் விடும் கார்பன் டை ஆக்சைடு பிஎச்சை இறக்கி வைத்திருக்கும், அதனால் உள்ளே சேர்ந்த அமோனியா அடங்கிக் கிடக்கும். கவரைத் திறந்ததும் வாயு வெளியேறி பிஎச் ஏறும், அமோனியா விழித்துக்கொள்ளும். தூரத்திலிருந்து வந்த மீனை, கவரைத் திறந்து வைத்துச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் பழக்குவது நல்லது செய்வதாக நினைத்துக் கெடுதல் செய்வது. மூடிய கவரை 15 நிமிடம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமன்படுத்துங்கள். பிறகு பிரித்து, வலையால் மீனை மட்டும் எடுத்துத் தொட்டியில் விடுங்கள். கவர் தண்ணீர் வாளியோடு போகட்டும்.

மூன்றாவது, பிடிக்கும் இடம். பாசன வாய்க்காலில் பிடியுங்கள். வயல் தண்ணீர் வந்து விழும் வடிகால் வேண்டாம். சம்பாவுக்கு மருந்தடிக்கும் நாட்களில் எங்கேயும் வேண்டாம்.

ஓடிக்கொண்டிருக்கும் தொட்டி யாரிடமாவது இருந்தால் அவர்களின் பழைய ஸ்பான்ஜைப் பிழிந்த அழுக்குத் தண்ணீர் அரை லிட்டர் வாங்கி உங்கள் ஃபில்டர் மேல் ஊற்றுங்கள், காத்திருக்கும் காலம் பாதியாகும். முதல் மாதம் ஆறு பொடி மீனுக்கு மேல் விடாதீர்கள். ஒன்றுவிட்ட நாள் 10 லிட்டர் மாற்றுங்கள்.

கும்பகோணம்: எங்களுக்குக் கொள்ளிடம் குடிநீர்தான். சில நாள் பிளீச்சிங் வாடை தூக்குகிறது. ஒரு நாள் வைத்திருந்தால் போதுமா?

அகலமான டப்பில் காற்றுக்குழாய் போட்டு 24 மணி நேரம் வைத்தால் போதும். குடத்தில் மூடி வைத்தால் போகாது. அவசரத்துக்கு ஹைப்போ, அதாவது சோடியம் தயோசல்ஃபேட் படிகம், 10 கிராமை 100 மில்லி தண்ணீரில் கரைத்து பாட்டிலில் வைத்துக்கொள்ளுங்கள். பத்து லிட்டருக்கு 1 மில்லி, வாடை அதிகமாக இருந்தால் 2 மில்லி. ஸ்பான்ஜை மட்டும் குழாய்த் தண்ணீரில் கழுவிவிடாதீர்கள். வளர்த்த பாக்டீரியா ஒரே கழுவலில் போய்விடும்.

நாகப்பட்டினம்: போர் தண்ணீர் உப்பு. எந்த மீனும் நிலைக்காது என்கிறார்கள். வழி இருக்கிறதா அண்ணே?

இருக்கிறது தம்பி, உங்களுக்கு வாய்த்த தண்ணீர்தான் செல்லக்காசுக்கு வேண்டியது. ஆரஞ்சு குரோமைடு என்று கடையில் விற்பதும் அதே மீன்தான். கழிமுகத்திலும் உப்பங்கழியிலும் பிறந்து வளர்வது. நல்ல தண்ணீரில் வளர்ப்பவர்கள்தான் லிட்டருக்கு 1 முதல் 2 கிராம் கல் உப்பு போட வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் துடுப்பில் பூஞ்சை வரும்.

ஆண் பெண் பார்த்து வாங்குவது நடக்காத காரியம். குஞ்சாக ஆறு வாங்கி ஒன்றாக வளருங்கள். ஒரு ஜோடி தானாகப் பிரிந்து ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு மற்றதை விரட்டும், அப்போது மற்ற நான்கையும் எடுத்துவிடுங்கள். உடைந்த பூந்தொட்டித் துண்டு ஒன்றைச் சாய்த்து வையுங்கள். பெண் அதன் அடிப்பக்கம் ஒவ்வொன்றாக முட்டையை ஒட்டும். முட்டை ஒவ்வொன்றும் சின்னக் காம்பில் தொங்கிக்கொண்டு, துடுப்பு விசிறும்போது ஆடும். பொரிய 3 முதல் 5 நாள். பொரிந்த குஞ்சுகளை வாயில் கவ்வி மணலில் தோண்டிய குழிக்கு மாற்றுவார்கள். குழி காலியாகத் தெரிந்தால் தின்றுவிட்டதாக முடிவு கட்டாதீர்கள், பக்கத்தில் இன்னொரு குழி இருக்கும்.

நீந்த ஆரம்பித்ததும் குஞ்சுகள் தாய் தகப்பன் உடம்பில் முட்டி முட்டி மேலே சுரக்கும் கோழையைத் தின்னும். இதைப் பார்த்துப் பயந்து பெற்றோரைப் பிரிப்பதுதான் நிறையப் பேர் கெடுக்கும் இடம். விட்டுவையுங்கள். கூடவே காலை மாலை புதிதாய்ப் பொரித்த ஆர்ட்டீமியா (உப்புநீரில் வாழும் பொடி இறால் வகை) கொடுங்கள். முதல் ஈட்டு முட்டையைத் தின்றுவிட்டாலும் ஜோடியை மாற்ற வேண்டாம், இளம் ஜோடி அப்படித்தான்.

திருவாரூர்: வயலில் கிடைத்த கூர்வால் பாரடைஸ் மீன் நுரைக்கூடு கட்டி முட்டையும் பொரிந்தது. நீந்த ஆரம்பித்து மூன்று நான்கு நாளில் குஞ்சு ஒன்றுகூட இல்லை. பெரிசு தின்றுவிட்டதா?

இந்த மீனின் அறிவியல் பெயர் சூடோஸ்ஃப்ரோமீனஸ் கூப்பனஸ். இது உலகத்துக்கு அறிமுகமானதே நம் கடற்கரையிலிருந்துதான். 1831-இல் பெயர் வைத்தபோது மாதிரி எடுத்தது புதுச்சேரி அரியாங்குப்பம் ஆற்றில், பெயரின் பின்பாதியும் அங்கிருந்தே வந்தது.

தின்றிருக்க வாய்ப்பு குறைவு, ஆண் காவல் நிற்கும். உங்கள் குஞ்சுகள் பட்டினியில் போயின. மஞ்சள் கருப் பை தீர்ந்த அன்று வாய்க்குள் நுழையும் அளவில் உயிருணவு இருக்க வேண்டும். ஆர்ட்டீமியாகூட அந்த வாய்க்குப் பெரிது, தூள் தீவனம் அழுகத்தான் செய்யும். இன்ஃபுசோரியா, அதாவது தண்ணீரில் வாழும் நுண்ணுயிர்கள் வேண்டும், அதற்கு உங்கள் ஊரில் வைக்கோல் இருக்கிறது. மருந்தடிக்காத வைக்கோல் ஒரு சின்னப் பிடியை, 10 கிராம் போதும், அங்குல நீளத்துக்கு நறுக்கி ஒரு லிட்டர் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்க வையுங்கள். ஆறியதும் கண்ணாடி ஜாடியில் ஊற்றி, பழைய குளத்துத் தண்ணீர் இரண்டு ஸ்பூன் சேர்த்து, துணி கட்டி நிழலில் வையுங்கள். இரண்டாம் நாள் பால் போலக் கலங்கி வாடை வரும். அது பாக்டீரியா, அப்போது ஊற்றினால் தொட்டி கெடும். நான்கைந்து நாளில் கலங்கல் தெளிந்து டீ நிறமாகும். ஜாடிக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள், தூசி மாதிரி வெள்ளைப் புள்ளிகள் தானாக நகரும். அதுதான் உணவு. காலை மாலை 30 மில்லி. முட்டை போட்ட அன்றே ஜாடியைத் தொடங்கினால் நாள் சரியாக இருக்கும், ஏனென்றால் பொரிய இரண்டு நாள், நீந்த இன்னும் இரண்டு மூன்று நாள். ஒரு வாரம் கழித்து ஆர்ட்டீமியாவுக்கு மாறலாம்.

பெண் உடம்பு திடீரென்று கரியாகக் கறுத்தால் நோய் என்று மருந்து போடாதீர்கள், முட்டையிடத் தயார் என்று அர்த்தம். முட்டை போட்டு முடிந்ததும் பெண்ணை எடுத்துவிடுங்கள். மூடியை இறுக்கமாக வைத்துத் தண்ணீருக்கு மேலுள்ள காற்று ஈரமாக இருக்கும்படி பாருங்கள். குஞ்சுகள் மேல்காற்றை மூச்சாக எடுக்கப் பழகும் மூன்று நான்கு வாரம் இது முக்கியம்.

பாபநாசம்: முண்டக்கண்ணி காலையில் தரையில் காய்ந்து கிடக்கிறது. மூடி போட்டும் குதிக்கிறது.

வயர் போகும் ஓட்டை வழியாகத்தான். விரல் நுழையும் இடத்தில் அது நுழையும். கொசுவலையை விளிம்போடு கிளிப் போட்டுக் கட்டுங்கள், நீர்மட்டத்தை நான்கு விரல் இறக்குங்கள். மேலே மிதக்கும் செடி இருந்தால் பாதிக் குதிப்பு அடங்கும்.

இனப்பெருக்கம் இதில் சுலபம். கரும்பச்சை அக்ரிலிக் நூலை ஒரு சாண் நீளத்தில் நாற்பது ஐம்பது இழை சேர்த்து, தெர்மக்கோல் துண்டில் கட்டி மிதக்கவிடுங்கள். தினம் சில முட்டைகள் நூலில் ஒட்டியிருக்கும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ கடுகளவு, விரலால் எடுத்தாலும் உடையாது. பூஞ்சையைத் தடுக்கும் மெத்திலீன் நீலம் சிறிது கலந்த தண்ணீர்த் தட்டில் வையுங்கள், வெளுத்ததை எடுத்துப் போடுங்கள். இரண்டு வாரத்தில் பொரியும். குஞ்சு பெரிது, முதல் நாளே ஆர்ட்டீமியா தின்னும்.

குத்தாலம்: அயிரைக்கு மீசை தேய்ந்து போகிறது.

ஜல்லியை அள்ளிவிட்டுச் சலித்த மெல்லிய ஆற்று மணல் இரண்டங்குலம் போடுங்கள். அயிரை மணலில் முழுசாகப் புதைந்து கண்ணை மட்டும் வெளியே வைத்திருக்கும். கூர்மையான ஜல்லி மீசையை அறுக்கும், அதில் கிருமி ஏறும். மணலை வாரம் ஒருமுறை விரலால் கிளறுங்கள், அடியில் கறுத்து நாறவிடாதீர்கள். இடையிடையே மேலே பாய்ந்து காற்றை விழுங்கிவிட்டு இறங்குவது அதன் இயல்பு. எல்லாம் சேர்ந்து ஓயாமல் ஏறினால் ஆக்சிஜன் குறைவு. வீட்டுத் தொட்டியில் முட்டையிட வைப்பது ஹார்மோன் ஊசி போடாமல் அநேகமாக நடக்காது, அந்த ஆசையை விடுங்கள்.

தரங்கம்பாடி: பனையேறிக்கெண்டையை மற்ற மீனோடு விடலாமா? பனை ஏறுவது நிஜமா?

விடக்கூடாது. தன் வாய்க்குள் போவதையெல்லாம் தின்னும், செவுள் மூடியின் முள்ளால் மற்றதைக் கிழிக்கும். தனித் தொட்டி, மூடியின் மேல் செங்கல்.

ஏறுவது பற்றிய பிரபலமான குறிப்பு உங்கள் ஊரிலிருந்தே போனது. டேனிஷ் கம்பெனியின் லெப்டினன்ட் டால்டார்ஃப், குளத்தோரப் பனையின் பட்டை இடுக்கில் இந்த மீனைப் பிடித்ததாக எழுதியது 1797-இல் லண்டனில் அச்சானது. மழை நாளில் செவுளை ஊன்றித் தரையில் நகர்வதை டெல்டாவில் யாரும் பார்க்கலாம்.

மயிலாடுதுறை: வீட்டில் குஞ்சு பெருகிவிட்டது. வாய்க்காலில் விட்டுவிடலாமா என்று அம்மா கேட்கிறார்கள்.

அம்மாவிடம் வேண்டாம் என்று சொல்லுங்கள். நாட்டு மீனே ஆனாலும், கடை மீனோடு ஒரே வலை, ஒரே தொட்டி புழங்கியது நோயைச் சுமந்து போகும். டேங்க் கிளீனர், கப்பி மாதிரி வெளிநாட்டு மீன் எதையும் விடவே கூடாது. வளர்ப்பவர்களுக்குக் கொடுங்கள்.

திருத்துறைப்பூண்டி: டிக்டோ கெண்டை ஒரு வருடமாக நன்றாக இருக்கிறது, முட்டை மட்டும் இல்லை.

வருடம் முழுக்க ஒரே தண்ணீர், ஒரே வெப்பம் கொடுத்திருப்பீர்கள். இந்த மீனுக்கு மழை வர வேண்டும். பழைய புத்தகத்தில் இதன் பேரினப் பெயர் புண்டியஸ் என்றிருக்கும், 2012 முதல் அது பேத்தியா (Pethia). ஆணுக்கு முதுகுத் துடுப்பில் சிவப்பு ஏறும், பெண்ணுக்கு வயிறு உருளும்.

பத்து நாள் ஆணையும் பெண்ணையும் பிரித்து வைத்துக் கொசுப்புழுவாகக் கொடுங்கள். புழு வளர்க்கும் வாளியைத் தினமும் வடிகட்டுங்கள், தப்பினால் வீட்டுக்கு டெங்கு. வேறு தொட்டியில் 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு மட்டும் தண்ணீர், அடியில் கோலிக்குண்டு இரண்டு அடுக்கு, மேலே ஒரு கை வேலம்பாசி. ஐப்பசி மழைத் தண்ணீரைப் பாதி கலந்து, பழைய தொட்டியைவிட 2 முதல் 3 டிகிரி குளிர்ச்சியாக வையுங்கள். முழுக்க மழைத் தண்ணீர் வேண்டாம், அதில் தாது இல்லாததால் பிஎச் நிலைக்காது. சாயங்காலம் ஒரு பெண்ணும் இரண்டு ஆணும் விடுங்கள். விடிகாலை வெளிச்சத்தில் துரத்தல் நடக்கும், முட்டை குண்டுகளுக்கிடையே விழும். மதியத்துக்குள் பெரியதை எல்லாம் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் குண்டு இடுக்கிலும் மூக்கை விட்டுத் தேடித் தின்னும். 26, 27 டிகிரியில் ஒன்று ஒன்றரை நாளில் பொரியும். அடுத்த இரண்டு நாள் குஞ்சு கண்ணாடியில் ஊசி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும், அப்போது தீவனம் போடாதீர்கள். நீந்தத் தொடங்கியதும் மேலே திருவாரூர்காரருக்குச் சொன்ன வைக்கோல் ஜாடிதான். ஒரு வாரம் பார்த்தும் முட்டை இல்லையென்றால் ஜோடியை மாற்றாமல் 5 லிட்டர் குளிர்ந்த தண்ணீரைப் பூவாளியால் மேலிருந்து தூவிப் பாருங்கள்.