ஏழாயிரம் மேற்கோள் என்றால் என்ன?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, பொறியியல் பட்டம் முடித்த என் மகள், மென்ரோபோ ஆய்வில் கலாநிதிப் பட்டம் பெற விரும்பி வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவருக்கு விண்ணப்பிக்க இருக்கிறாள். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்கொலர் இணையத்தளத்தில் அவருடைய பக்கம் 140 கட்டுரைகள், 7,000 மேற்கோள்கள் (அதாவது, வேறு கட்டுரைகளில் இவை சுட்டப்பட்ட தடவைகள்), எச் சுட்டெண் 38 என்று காட்டுகிறது. இந்த எண்களை நம்பி மகளை அனுப்பலாமா? மென்ரோபோ என்றால் என்ன என்பதே எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும்.
– ஓய்வுபெற்ற ஆசிரியை, உவர்மலை, திருகோணமலை

பதில்: கடைசியாகச் சொன்னதிலிருந்து தொடங்குகிறேன். நம்மூர் மீன் சந்தையில் பேய்க்கணவாய் வாங்கிக் கழுவியவர்களுக்கு மென்ரோபோவைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. எலும்பே இல்லாத அந்தக் கை எந்தத் திசையிலும் வளையும், சிறு இடுக்கிலும் நுழையும். இரும்புக்கும் மூட்டுக்கும் பதிலாகச் சிலிக்கோன் இறப்பர் போன்ற மிருதுவான பொருட்களால் அந்த வித்தையைச் செய்ய முயல்வதே இத்துறை. ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் வைட்சைட்ஸின் குழுவினர் 2011இல் வெளியிட்ட நான்கு கால் இறப்பர் ரோபோ, உள்ளே காற்றை ஏற்றி இறக்க நடந்து, தாழ்வாக வைத்த கண்ணாடித் தட்டின் அடியில் நெளிந்து நெளிந்து மறுபக்கம் போனது. வைட்சைட்ஸ் ஓர் இரசாயனவியலாளர் என்பதைக் கவனியுங்கள். உங்கள் கேள்விக்கான விடையில் பாதி அதில் இருக்கிறது.

இரசாயனவியல், இயந்திரப் பொறியியல், மருத்துவம், கணினி எனப் பல துறையினர் கூடும் இடம் இது. ஒவ்வொருவரும் மேற்கோள் காட்டும் வழக்கமும் வேறு வேறு. இழுபடும் புதிய பொருளொன்றை உருவாக்கியவரின் கட்டுரையை, ரோபோவைக் கண்ணால் காணாதவர்களும் தங்கள் உசாத்துணைப் பட்டியலில் சேர்ப்பார்கள். அதே ரோபோவைக் கட்டுப்படுத்தும் கணிதத்தை எழுதியவரை அத்துறைக்குள் இருக்கும் சிலரே தேடுவார்கள். ஆகவே முன்னவரின் 7,000 மேற்கோளையும் பின்னவரின் 2,000 மேற்கோளையும் பக்கத்தில் வைத்துப் பெரிது சிறிது பார்ப்பது, இறால் விலையையும் சூடை விலையையும் ஒப்பிடுவது போலத்தான்.

அடுத்து, அந்த 7,000 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். உதாரணமாக, ரோபோ ஆய்வாளர்களான டானியேலா ரஸ், மைக்கேல் டொலி இருவரும் 2015இல் ‘நேச்சர்’ அறிவியல் இதழில் எழுதிய மீளாய்வுக் கட்டுரை, அதாவது அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் கட்டுரை, பல ஆயிரம் மேற்கோள்களைப் பெற்றிருக்கிறது. மிக நல்ல கட்டுரைதான். ஆனால் மென்ரோபோ பற்றி எழுத உட்காருபவர் முதற்பந்தியிலேயே அதைக் குறிப்பிட்டுவிட்டு நகர்வது வழக்கமாகிவிட்டது. ஒருவர் செய்த கருவியை இன்னொருவர் தம் ஆய்வுகூடத்தில் மறுபடி செய்து, அதன்மேல் வேலையைத் தொடர்ந்து, அதனால் அவரை மேற்கோள் காட்டுவது வேறு வகை. கூகுள் ஸ்கொலர் இரண்டையும் ஒன்றென்றே எண்ணும். தன்னைத்தானே காட்டிய மேற்கோளையும் கழிக்காது.

எச் சுட்டெண்ணைப் பௌதிகவியலாளர் ஜோர்ஜ் ஹேர்ஷ் 2005இல் முன்வைத்தார். ஒருவருடைய ஆறு கட்டுரைகளுக்கு முறையே 25, 12, 7, 5, 3, 1 மேற்கோள்கள் இருந்தால் அவருடைய சுட்டெண் 4. அதாவது, குறைந்தது நான்கு மேற்கோளாவது பெற்ற கட்டுரைகள் நான்கு. ஏறிய எண் இறங்குவதில்லை என்பதால் வயதுக்கு அது எப்போதும் சலுகை காட்டும்.

மகளுக்காக நான் பார்ப்பதென்றால் வேறொன்றைத்தான் முதலில் பார்ப்பேன். இத்துறையில் கட்டுரையின் முதற்பெயர் பெரும்பாலும் வேலையைச் செய்த மாணவருடையதாகவும், கடைசிப் பெயர் பேராசிரியருடையதாகவும் இருக்கும். கடந்த ஐந்தாண்டுக் கட்டுரைகளை எடுத்து, முதற்பெயராக வெவ்வேறு மாணவர்கள் வருகிறார்களா, அவர்கள் பட்டம் பெற்றபின் எங்கே போயிருக்கிறார்கள் என்று தேடச் சொல்லுங்கள். அவர்களில் இருவருக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டால் சுட்டெண் சொல்லாததெல்லாம் தெரியவரும்.

கேள்வி: மென்ரோபோ விரல் பற்றிய என் ஒரே கட்டுரைக்கு 3 மேற்கோள்கள். அவற்றில் 2 என் விரிவுரையாளரின் அடுத்த கட்டுரைகளில் வந்தவை. இதை விண்ணப்பத்தில் காட்ட வெட்கமாக இருக்கிறது.
– மாணவர், கோணேசபுரி

பதில்: வெட்கப்பட ஒன்றுமில்லை. தொடரும் ஆய்வு தன் முந்திய படியைச் சொல்லித்தான் ஆகவேண்டும். சம்பந்தமில்லாத இடத்தில் செருகுவதுதான் தவறு. ஒரு கட்டுரைக்குச் சுட்டெண் 1க்கு மேல் போகாது, ஆகவே அதை எழுதாதீர்கள். மூன்றாவது மேற்கோளைத் தேடிப் படியுங்கள். அவர்கள் உங்கள் அச்சின் அளவிலேயே விரலை வார்த்துச் சோதித்திருந்தால், அதை ஒரு வாக்கியத்தில் சொல்லுங்கள். பணம் கட்டினால் மூன்றே நாளில் வெளியிடுகிறோம் என்று வரும் மின்னஞ்சல்களைத் திறக்காமலே அழித்துவிடுங்கள். விரல் முட்டையைத் தூக்கும் காணொளி இருந்தால் இணையுங்கள். அது எத்தனை தடவை மடங்கியபின் கிழிந்தது என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள், ஏனெனில் சிலிக்கோன் வார்த்துப் பழகிய எவரும் முதலில் கேட்பது அதைத்தான்.