தனியாக வாழும் முதியவர்களைச் சந்திக்கப் போகும்போது ஒரு கிறிஸ்தவர் என்ன பேச வேண்டும்?

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், சபையில் யாரோ ஒரு பெயர்ப் பட்டியலைக் கையில் கொடுத்து "போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்று சொல்லியிருக்கிறார்கள், உங்களுக்கு வயிற்றைக் கலக்குகிறது. எனக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது.

என் பங்குக்கு வந்தவர் ஒரு பாட்டி. கணவர் இல்லை, பிள்ளைகள் தூரத்தில். முதல் மூன்று வாரம் நான் அங்கே நடத்தியதைச் சந்திப்பு என்றே சொல்ல முடியாது. குட்டி ஆராதனை. பைபிளிலிருந்து ஒரு சங்கீதம், ஒரு பாட்டு, நீளமாக ஒரு ஜெபம், இருபதாவது நிமிடம் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பேன். அவரும் பாவம், எல்லாவற்றுக்கும் ஆமென் சொன்னார்.

நான்காவது வாரம், 23-ஆம் சங்கீதம் பாதிகூடத் தாண்டவில்லை, பாட்டி நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். குறட்டை வேறு. வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறேனே என்று எனக்குச் சுருக்கென்றது. எழுப்பவும் மனம் வரவில்லை, கதவைத் திறந்துபோட்டுவிட்டுக் கிளம்பவும் முடியாது. ஒன்றரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். விழித்ததும் வெட்கத்தோடு சொன்னார்: "கோவிச்சுக்காதீங்க தம்பி. ராத்திரி சின்னச் சத்தம் கேட்டாலும் அப்படியே முழிச்சுக் கிடப்பேன். வீட்டுல ஒரு ஆள் இருக்குன்னதும் கண்ணு தானா சொக்கிருச்சு."

கைதாவதற்கு முன் கெத்செமனே தோட்டத்தில் இயேசுவும் சீடர்களிடம் இவ்வளவுதானே கேட்டார், ஒரு மணி நேரமாவது தம்மோடு விழித்திருக்கக் கூடாதா என்று? அங்கே தூங்கியது சீடர்கள். இங்கே நான் விழித்திருந்தேன், தூங்க வேண்டியவர் தூங்கினார்.

"அப்படியானால் வசனமும் ஜெபமும் வேண்டாமா?" என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். இன்றும் கிளம்பும் முன் ஜெபிக்கிறேன், சுருக்கமாக. ஆனால் பைபிளில், எல்லாவற்றையும் இழந்து நின்ற யோபுவின் நண்பர்களை நினைத்துப் பாருங்கள். ஏழு நாள் இரவும் பகலும் வாய் திறக்காமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தவரை நல்ல நண்பர்கள்தான். பேச ஆரம்பித்து அவரையே குற்றம் சொன்ன பிறகுதான் வினை. இன்னொன்று, நீங்கள் பார்க்கப் போகிறவர் வேறு மதத்தவராக இருந்தால், அவருடைய தனிமையை மதம் மாற்ற ஒரு வாய்ப்பாகப் பார்க்காதீர்கள். இதைச் சொன்னதற்கே என் விசுவாசத்தைச் சந்தேகப்பட்டவர்கள் உண்டு. இருக்கட்டும்.

என்ன தேவை என்று கேளுங்கள், பதில் சின்னதாக இருக்கும். சிறையிலிருந்த பவுல் தன் உடன் ஊழியரான தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, துரோவா பட்டணத்தில் விட்டுவந்த மேலங்கியையும் புத்தகங்களையும் எடுத்துக்கொண்டு மாரிகாலத்துக்கு முன் வந்துசேர் என்கிறார். அத்தனை பெரிய அப்போஸ்தலருக்கே போர்வையும் ஆளும்தான் வேண்டியிருந்தது. எங்கள் பாட்டிக்கு மாத்திரை அட்டையில் இருக்கும் பொடி எழுத்தைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டியிருந்தது.

அப்புறம், "அடுத்த வாரம் வருகிறேன்" என்று வாய் தவறிக்கூடச் சொல்லாதீர்கள், போக முடியாவிட்டால். ஒரு வியாழக்கிழமை நான் போகவில்லை, போனும் செய்யவில்லை. மறுவாரம் போனபோது அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்தான் சொன்னார், அன்று இருட்டும்வரை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் என்று.

நாற்காலி என்றதும் ஞாபகம் வருகிறது. ஊழியம், ஊழியம் என்று மேடையில் முழங்கும் எங்கள் சபையில், ஆராதனை முடிந்ததும் நாற்காலிகளை அடுக்குவது வருடக்கணக்காக அதே நாலு பேர். அதில் நானும் ஒருவன். கேள்விக்குச் சம்பந்தமில்லை, தெரியும். எங்கேயாவது சொல்லித்தானே ஆக வேண்டும்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். என்ன பேசுவது என்று இப்போதே மனப்பாடம் செய்யாதீர்கள். நான் இப்போது வியாழக்கிழமை போகும்போது எனக்குப் படிக்க ஒரு புத்தகம் எடுத்துப் போகிறேன். பெரும்பாலும் பத்து நிமிடத்தில் பாட்டி தூங்கிவிடுகிறார்.