99 ரூபாய் கார்டு ரீடர்: கடைக்காரர் கைவிரிக்க முடியுமா?

கேள்வி: ஒரு தள்ளுபடிக் கடையில் 99 ரூபாய்க்கு மெமரி கார்டு ரீடர் வாங்கினேன். தங்கையின் வளைகாப்பு போட்டோக்கள் இருந்த கார்டைச் செருகியதும் ரீடர் கொதித்துப்போனது, அதிலிருந்து கார்டை எந்தக் கருவியும் படிக்கவில்லை. பத்து நாள்தான் ஆகிறது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லில் இருப்பதைக் காட்டுகிறார் கடைக்காரர். அட்டையில் கம்பெனி பெயரே இல்லை. வழக்குப் போடலாமா? – வாசகி, திருச்சி

பதில்: தாராளமாகப் போடலாம். ஆனால் முதலில் கார்டைக் காப்பாற்றுங்கள். 'ஃபார்மட் செய்யவா?' என்று கணினி கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், வீட்டிலேயே மென்பொருள் போட்டுப் பார்க்கிற வேலையும் வேண்டாம். டேட்டா மீட்டுத் தரும் இடத்தில் கொடுத்து, கார்டு எதனால் கெட்டது என்று அவர்களிடம் எழுத்தில் வாங்குங்கள், பில்லும் வாங்குங்கள். கெட்டது ரீடரால்தான் என்று நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். அந்தக் காகிதம் இல்லாமல் போனால் 'உங்கள் கார்டே பழசு' என்ற ஒரே வரியில் எதிர்த்தரப்பு தப்பித்துவிடும். ரீடரையும் அட்டையையும் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

பில்லில் அச்சடித்த வாசகத்துக்குப் பயப்படாதீர்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 பிரிவு 2(47)-இன்படி, குறைபாடுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பதே நியாயமற்ற வணிகம். பில்லில் காலக்கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாள் கணக்கு, நீங்கள் அதற்குள்தான் இருக்கிறீர்கள்.

கம்பெனி பெயர் இல்லாதது உண்மையில் உங்களுக்குச் சாதகம். தயாரித்தவர் யாரென்றே தெரியாத பொருளை விற்றால், அது விளைவித்த சேதத்துக்கு விற்றவரே பொறுப்பு என்கிறது பிரிவு 86. பாக்கெட்டில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்.ஆர்.பி. இருக்க வேண்டும் என்று எடையளவு விதிகளும் சொல்கின்றன, அதை வைத்துத் தொழிலாளர் துறையின் எடையளவு ஆய்வாளரிடம் தனியாகவே ஒரு புகார் தட்டலாம். 'சீப்பா வாங்கினா இப்படித்தான்' என்பது சட்டத்தில் எங்கும் இல்லை!

எவ்வளவு கேட்கலாம்? இங்கேதான் கொஞ்சம் நிதானம் வேண்டும். ரீடர் விலை, கார்டு விலை, மீட்புச் செலவு, மன உளைச்சல் என்று கேளுங்கள். போட்டோக்களுக்கு லட்சக்கணக்கில் எழுதினால் எடுபடாது. பொருளாதார இழப்பு 'சேதம்' என்ற வரையறைக்குள் வராது என்று எதிர்த்தரப்பு வாதாடும், அதனால் மீட்புச் செலவைக்கூட ரசீதோடு, கார்டுக்கு நேர்ந்த சேதத்தின் தொடர்ச்சியாகவே காட்ட வேண்டும்.

முதலில் 1915-க்குப் போன் செய்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிவு செய்யுங்கள், பல கடைக்காரர்கள் அதிலேயே இறங்கி வந்துவிடுவார்கள். அசையவில்லை என்றால் பில் நகலோடு ஸ்பீடு போஸ்டில் ஒரு நோட்டீஸ், நீங்களே எழுதலாம். அப்புறம் திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணமே கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை (என் பிழைப்பில் நானே மண் போடுகிறேன்). வழக்குக்கு இரண்டு வருடம் அவகாசம் உண்டு, ஆனால் கடைக்கு எழுத்தில் புகார் தருவதை அந்த 30 நாளுக்குள் முடித்துவிடுங்கள். பணத்தை ஜிபேயில் கட்டியிருந்தால் அந்த ஸ்கிரீன்ஷாட்டையும் சேர்த்து வையுங்கள், தெர்மல் பில் மை சீக்கிரம் மங்கிவிடும், இன்றே ஒரு ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள்.