கதவும் ஓர் ஒலிப்பெட்டிதான்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மைவி காரின் முன்கதவுகளில் இருந்த பழைய ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு 6.5 அங்குல கம்போனன்ட் செட் (கனத்த சத்தத்துக்கு வூஃபர், மெல்லிய சத்தத்துக்கு ட்வீட்டர் எனத் தனித்தனியாக வருவது) போட்டேன். குரல் தெளிவாக இருக்கிறது. ஆனால் தவில் சத்தம் பழையதில் கேட்ட அளவுக்குக்கூட இல்லை. கடையில் ஆம்ப்ளிஃபயர் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா ஐயா?
- லாரி ஓட்டுநர், சுங்கை சிப்புட்

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். குறை வேறு இடத்தில் இருக்க வாய்ப்பு அதிகம்.

முதலில் கம்பியைப் பாருங்கள். ஒரு பக்கத்தில் மட்டும் பிளஸ், மைனஸ் மாறியிருந்தால் ஒரு வூஃபர் வெளியே தள்ளும் நேரத்தில் மற்றது உள்ளே இழுக்கும். இரண்டு பக்கத்துப் பேஸும், அதாவது கனத்த சத்தமும், மோதி அழிந்துவிடும். சோதிப்பது சுலபம். ரேடியோவின் பின்பக்க சாக்கெட்டை முழுதாகக் கழற்றிவிடுங்கள். ரேடியோ இணைப்பில் இருக்கும்போது இதைச் செய்யவே கூடாது. ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு கம்பிகளில், பிளஸ்ஸுக்குப் பிளஸ்ஸாக 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொடுங்கள். இரு பக்கமும் வூஃபர் கூம்பு வெளியே வர வேண்டும். ட்வீட்டருக்குப் பயமில்லை, கிராஸ்ஓவரில் (சத்தத்தைப் பிரித்து இரண்டுக்கும் அனுப்பும் சிறு பெட்டி) உள்ள கெப்பாசிட்டர் தடுத்துவிடும். வெளியில் வாங்கிய ரேடியோக்களில் பொதுவாக முன் இடதுக்கு வெள்ளை, முன் வலதுக்குச் சாம்பல். அதே நிறத்தில் கறுப்புக் கோடு போட்டது மைனஸ். கார் கம்பெனியே கதவுக்கு இழுத்த கம்பிகளின் நிறம் வேறாக இருக்கும், அதை நம்பி இணைக்கக் கூடாது.

கம்பி சரியென்றால் குறை கதவில்தான். வூஃபரின் முன்பக்கம் வரும் அதே சத்தம் பின்பக்கமும் வருகிறது, ஆனால் தலைகீழாக. வீட்டு ஸ்பீக்கரில் மரப்பெட்டி அந்தப் பின்சத்தத்தை அடைத்து வைக்கிறது. காரில் அந்தப் பெட்டி கதவுதான். உள்தகட்டில் கைநுழையும் அளவுக்குப் பெரிய ஓட்டைகளும், அவற்றின்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளும் இருக்கும். பின்சத்தம் அந்த வழியே வந்து முன்சத்தத்தைத் தின்றுவிடும். ஆயிரம் வெள்ளி ஸ்பீக்கரானாலும் இதே கதிதான்.

கதவுப் பலகையைக் கழற்றக் கைப்பிடிக் குழிக்குள்ளும் உள்கைப்பிடிக்குப் பின்னும் மறைந்திருக்கும் ஸ்க்ரூக்களை முதலில் எடுங்கள். பிறகு அடிப்பக்கத்திலிருந்து கிளிப்புகளைப் பிளாஸ்டிக் நெம்பியால் விடுவித்து, பலகையை மேல்நோக்கித் தூக்குங்கள். சில கார்களில் பக்கவாட்டு மோதலை உணரும் சென்சார் கதவுக்குள்ளேயே இருக்கிறது. அப்படியென்றால் ஓட்டைகளை அடைக்கும் முன் கார் கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்டுவிடுங்கள்.

தகட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். செம்மண் தூசி மேல் எதுவும் ஒட்டாது. அலுமினியத் தாள் போர்த்திய 2 மில்லிமீட்டர் பியூட்டைல் (ஒட்டும் ரப்பர்) ஷீட் வாங்குங்கள். கூரைக்கு ஒட்டும் தார் ஷீட் வேண்டாம்: வெயிலில் நிறுத்திய காரில் உருகி வழியும், நாற்றமும் போகாது. வெளித்தகட்டின் நடுப்பகுதியில் மூன்றில் ஒரு பங்கு மூடினாலே அதன் அதிர்வு அடங்கும். உள்தகட்டில் ஓர் ஓட்டைகூட விடக்கூடாது. பெரிய ஓட்டையில் ஷீட்டை மட்டும் ஒட்டினால் தவில் தோல் போல அதிரும். மெல்லிய அலுமினியத் தகட்டை வெட்டி ஸ்க்ரூ போட்டு மூடி, அதன்மேல் ஷீட் ஒட்டுங்கள். நாளை கண்ணாடி மோட்டார் பழுதானால் கழற்றவும் வசதி. கதவின் அடிவிளிம்பில் இருக்கும் சிறு துளைகளை மட்டும் தொடாதீர்கள். மழைநீர் வடிவது அவை வழியாகத்தான், அடைத்தால் கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும்.

இத்தனையும் செய்த பிறகும் பேஸ் போதவில்லை என்றால் ஆம்ப்ளிஃபயரைப் பற்றிப் பேசலாம். ரேடியோ மேல் "50 வாட் x 4" என்று எழுதியிருப்பது உச்சக்கணக்கு. 14.4 வோல்ட்டில் 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சுத்தமாகக் கிடைப்பது கிட்டத்தட்ட 20 வாட்தான். அதனால் ரேடியோவையே நம்பி ஓட்டுபவர்கள் சென்சிட்டிவிட்டி (கொடுக்கும் வாட்டுக்கு எவ்வளவு சத்தம் வரும் என்ற அளவு) 90 டெசிபெல்லுக்கு மேல் உள்ள ஸ்பீக்கராகத் தேடுங்கள். 3 டெசிபெல் குறைந்தால், அதே சத்தத்துக்கு இரட்டிப்பு வாட் வேண்டும்.

கேள்வி: புது ஸ்பீக்கரை MDF (மரநாரை அழுத்திச் செய்த பலகை) மர வளையம் வைத்துப் பொருத்தினார்கள். ஆறே மாதத்தில் கரகரக்கிறது. தோட்டத்துச் சடக்கில் போனால் கதவே ஆடுவது போலிருக்கிறது.
- ஆசிரியை, சுங்கை சிப்புட்

பதில்: கண்ணாடி வழியாக வழியும் மழைநீர் கதவுக்குள் போவது இயல்பு. MDF அதை உறிஞ்சி உப்பி, ஸ்க்ரூவின் பிடியை விட்டுவிடும். கெட்டியான பிளாஸ்டிக் வளையத்துக்கு மாற்றுங்கள். மரம்தான் கிடைக்கிறது என்றால் மரைன் பிளைவுட்டை வெட்டி எல்லா விளிம்பிலும் இரண்டு கை பெயின்ட் அடியுங்கள். வளையத்துக்கும் தகட்டுக்கும் நடுவே ஃபோம் பட்டை வேண்டும். புதிதாகத் துளை போட்டிருந்தால் அதற்கு பிரைமர் தடவச் சொல்லுங்கள்.

வளையத்தின் தடிமனை முடிவு செய்யும் முன் கண்ணாடியை முழுக்க இறக்கி, தகட்டிலிருந்து கண்ணாடி வரை அளக்க வேண்டும். காந்தத்துக்கும் கண்ணாடிக்கும் குறைந்தது 5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கட்டும். வளையம் அதிகத் தடிமனாகிவிட்டால் கூம்பு பலகையின் வலையில் இடிக்கும். உங்கள் கரகரப்புக்கு அதுவும் காரணமாக இருக்கலாம். சடக்கில் வரும் சத்தம் பெரும்பாலும் ஸ்பீக்கருடையதல்ல. பூட்டுக் கம்பியும் தொங்கும் ஒயரும் தகட்டில் தட்டுகின்றன. அவற்றில் துணி டேப் சுற்றி, உடைந்த கிளிப்புகளை மாற்றினால் அடங்கிவிடும்.

கேள்வி: ட்வீட்டரை எங்கே வைப்பது? டேஷ்போர்டின் மேல் ஒட்டினேன், பாடகர் என் வலது காதுக்குள் உட்கார்ந்து பாடுவது போலிருக்கிறது.
- கல்லூரி மாணவர், சுங்கை சிப்புட்

பதில்: நம் நாட்டில் ஓட்டுநர் உட்காருவது வலப்பக்கம். வலது ட்வீட்டர் முகத்துக்குப் பக்கத்தில், இடது அரை மீட்டர் கூடுதல் தூரத்தில். பக்கத்துச் சத்தம் முந்தி வருவதால் பாடகர் வலப்பக்கம் ஒதுங்கிவிடுகிறார். டேஷ்போர்டின் மேல் முன்கண்ணாடியில் பட்டுத் திரும்பும் சத்தமும் சேர்ந்து குத்தும்.

பக்கக் கண்ணாடிக்கு உட்புறமுள்ள முக்கோண மூடிதான் நல்ல இடம். வூஃபருக்கு அருகில் இருப்பதால் குரல் இரண்டாகப் பிரிந்து கேட்காது. நேராக உங்களை நோக்கித் திருப்பாதீர்கள். வலதுபுற ட்வீட்டரை இடது இருக்கையின் தலையணைப் பக்கமும், இடதுபுறத்தை வலது இருக்கையின் பக்கமும் திருப்பி, முதலில் இருபக்க டேப்பில் ஒட்டி ஒரு வாரம் கேளுங்கள். மின்னல் எஃப்எம் அறிவிப்பாளரின் குரல் நல்ல சோதனை: பேச்சு டேஷ்போர்டின் நடுவிலிருந்து வர வேண்டும். திருப்தியானால் மட்டும் துளையிடுங்கள். முன்கண்ணாடி ஓரத்துத் தூணில் ஏர்பேக் முத்திரை இருந்தால் அங்கே ஸ்க்ரூவோ ஒயரோ வேண்டாம். விரியும் பை, ட்வீட்டரையே முகத்தில் எறிந்துவிடும்.

ரேடியோவில் டைம் அலைன்மென்ட் (பக்கத்து ஸ்பீக்கரின் சத்தத்தைத் தாமதப்படுத்தும் வசதி) இருந்தால் அளவு டேப் எடுத்து, தலை இருக்கும் இடத்திலிருந்து இரண்டு பக்கமும் அளந்துகொள்ளுங்கள். 50 சென்டிமீட்டர் வித்தியாசம் என்றால் வலது பக்கத்துக்குச் சுமார் 1.5 மில்லி வினாடி தாமதம் கொடுங்கள். அந்த வசதி இல்லாத ரேடியோவில் பேலன்ஸை இரண்டு மூன்று படி இடதுபக்கம் தள்ளலாம், ஓரளவுக்குச் சரியாகும்.

கேள்வி: கழற்றிய பழைய ஸ்பீக்கரையும் புதியதோடு அதே ஒயரில் இணைக்கலாமா?
- வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: கூடாது. இரண்டு 4 ஓம் ஸ்பீக்கரைப் பேரலலாக இணைத்தால் 2 ஓம் ஆகிவிடும். ரேடியோ சூடேறி அணைந்து அணைந்து எரியும், சில நேரம் உள்ளே இருக்கும் ஐசியே (சிப்) போய்விடும். பழையதைப் பின்கதவுக்குத் தனி ஒயர் இழுத்துப் போடுங்கள், ரேடியோவில் பின்சேனல் சும்மாதானே இருக்கிறது.