வாசகர் கேள்வி: கதையில எங்க கத்தரி வைக்கிறது?

கேள்வி: சார், என் சிறுகதையைப் படிச்சவங்க எல்லாரும் "இழுவை, சொன்னதையே திரும்பச் சொல்ற"ன்னு சொல்றாங்க. எனக்கு ஒவ்வொரு வரியும் தேவைன்னுதான் தோணுது. எதை எடுக்கிறது?

பதில்: நீங்க அனுப்பின பக்கத்துலயே இருக்கு பாருங்க. "'என்னை விட்டுட்டுப் போயிடாதே' என்று அவள் கண்களில் கண்ணீர் வழிய, அழுதுகொண்டே, கெஞ்சும் குரலில் கெஞ்சினாள்." அந்த வசனமே கெஞ்சல்தானே, அப்புறம் எதுக்கு கெஞ்சும் குரல், அதுலயும் கெஞ்சினாள்? கண்ணீர் கண்ணுல இல்லாம வேற எங்கேர்ந்து வழியும்? "'என்னை விட்டுட்டுப் போயிடாதே' என்று அழுதாள்." 12 வார்த்தை 5 ஆயிடுச்சு, அழுகை ஒண்ணும் குறையல. வாசகருக்குப் புரியாமப் போயிடுமோங்கிற பயத்துலதான் பாதி இழுவை வருது.

அடுத்து 'அவன்', 'அவள்'. நம்ம வினைமுற்றுலயே ஆள் உக்காந்திருக்கான், "எழுந்தான், சட்டையை மாட்டினான்"னாலே போதும், வரிக்கு வரி அவன் வேண்டாம். ஆனா ஒரே காட்சியில ரெண்டு ஆம்பளைங்க இருந்தா யாரு சட்டை மாட்டினதுன்னு குழம்பும், அங்க பேரையே போட்டுடுங்க. "கதவு திறக்கும் சத்தத்தை அவன் கேட்டான்" மாதிரி வரிக்கு "கதவு திறந்தது" போதும். 'திடீரென்று', 'ஏதோ ஒரு', 'மெல்ல' இதையெல்லாம் ஃபைல்ல சர்ச் போட்டுப் பாருங்க, உங்களுக்கே சிரிப்பு வரும்.

ஆனா இதெல்லாம் கடைசி வேலை. முதல்ல பாராவைப் பாருங்க. நாயகனோட தனிமையை ரூம்ல ஒரு தடவை, பஸ்ல ஒரு தடவை, நண்பன்கிட்ட ஒரு தடவைன்னு சொல்லியிருக்கீங்க. பஸ் காட்சிதான் நல்லா இருக்கு, அதை வெச்சுக்கிட்டு மத்த ரெண்டையும் தூக்குங்க. வார்த்தை வார்த்தையா செதுக்கிட்டு இந்த மாதிரி முழுப் பாராவை விட்டுடுறவங்கதான் அதிகம்.

கேள்வி: பேசும்போது சொன்னதையே சொல்றது இயல்புதானே, வசனத்துலயும் வெட்டணுமா?

பதில்: கண்ணை மூடிட்டு வெட்டாதீங்க. "போ, போ"ன்னு விரட்டுறதும், ஒரு பாட்டி ஒரே குறையைத் திரும்பத் திரும்பப் புலம்புறதும் அந்த ஆளோட குணம். அதே குறையை நாலாவது தடவை கேட்கும்போது கதை நகரலைன்னா மட்டும் எடுங்க. நன்னூல் சொல்ற பத்துக் குற்றத்துல மிகைபடக் கூறலும் கூறியது கூறலும் இருக்கு, சரி, ஆனா அந்தப் பட்டியல்ல முதல்ல நிக்கிறது குன்றக் கூறல், அதாவது தேவையானதைவிடக் குறைச்சுச் சொல்றது. அங்க பேச்சு கதையைப் பத்தி இல்ல, நூலைப் பத்தி, இருந்தாலும் நமக்கும் பொருந்தும். அதனால வெட்டினதை டெலீட் பண்ணாம தனி ஃபைல்ல போட்டு வைங்க, முன்னாடி படிக்காத ஒருத்தர்கிட்ட புது வடிவத்தைக் கொடுங்க, அவர் எங்க புரியலைன்னு சொல்றாரோ அங்க மட்டும் திருப்பிச் சேர்த்துக்கலாம்.